இரண்டு தெரு தள்ளி ஒரு பெயர்: வாசகர் கேள்விகள்

பாலியல் குற்றவாளிகளின் பெயர், படம், முகவரி எல்லாவற்றையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கும் அமெரிக்க முறையைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அந்தப் பட்டியல் போலீஸ் கையில் இருக்கட்டும், ஊர் கையில் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு வந்த கடிதங்களில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் அங்கே குழந்தைகளுக்கான ஆலோசனை மையம் ஒன்றில் 19 வருஷம் வேலை பார்த்தவள். பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையாக இருந்தது.

*

அம்மா, நான்கு மாதம் முன்புதான் நியூஜெர்சியில் வீடு வாங்கிக் குடிவந்தோம். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினாள். திறந்தால் ஒரு ஆளின் படம், வயது, முகவரி, என்ன கார் வைத்திருக்கிறார் என்பது வரை இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெருதான் தள்ளி. 1998-ல் நடந்த குற்றமாம். அன்றிலிருந்து என் எட்டு வயது மகனின் அறை ஜன்னலுக்குத் திரை போட்டே வைத்திருக்கிறேன். வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், நியூஜெர்சி

திரையைத் திறந்துவிடுங்கள் அம்மா. பையனுக்கு வெளிச்சம் வேண்டும்.

உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நீங்கள் பார்த்த அந்தத் தளம் உங்கள் மாநிலத்தில் ஒரு குழந்தை செத்ததால் வந்தது. 1994 ஜூலையில் ஹாமில்டன் டவுன்ஷிப்பில் மேகன் என்ற ஏழு வயதுப் பெண்ணை எதிர் வீட்டில் குடியிருந்தவன் கொன்றான். ஏற்கெனவே இரண்டு முறை குழந்தைகள் விஷயத்தில் தண்டனை பெற்றவன். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் பெண்ணைக் காப்பாற்றியிருப்போமே என்று பெற்றோர் கேட்டார்கள். இப்படிப்பட்டவர் இருப்பதை அக்கம்பக்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று மாதத்தில் நியூஜெர்சியில் சட்டம் வந்தது, 1996-ல் நாடு முழுக்க. அந்தத் தாயின் கேள்விக்கு முன்னால் என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் வந்து முப்பது வருஷம் ஆகிறது. அது என்ன செய்தது என்று பார்க்கிற அளவுக்குக் காலம் கடந்துவிட்டது. நியூஜெர்சியிலேயே, சட்டத்துக்கு முன்பு விடுதலையானவர்களையும் பின்பு விடுதலையானவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வந்தது. மறுபடி குற்றம் செய்வதில் சட்டத்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை என்பதுதான் முடிவு. அதே வருஷம் நியூயார்க்கில் 1986 முதல் 2006 வரை நடந்த கைதுகளை அலசினார்கள். பாலியல் குற்றத்துக்குக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல், அதற்கு முன்பு அப்படி ஒரு குற்றத்துக்குத் தண்டனையே பெறாதவர்கள். அதாவது எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருந்திருக்க முடியாது.

இன்னொரு கணக்கு, அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறை 2000-ல் வெளியிட்டது. போலீஸுக்கு வந்த வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் நூறு பேர் என்றால், 34 பேருக்கு அதைச் செய்தவர் குடும்பத்து ஆள். 59 பேருக்குத் தெரிந்த ஆள். முன்பின் தெரியாதவர் என்பது ஏழே பேருக்கு.

உங்கள் மாநிலத் தளத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன், இதை அங்கேயே குடியிருப்பவர்கள்கூடக் கவனிப்பதில்லை. ஆபத்தின் அளவை வைத்து மூன்று நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தளத்தில் வர மாட்டார்கள். இரண்டாம் நிலையில், சொந்தக் குடும்பத்துக் குழந்தையிடம் குற்றம் செய்தவர்களைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். அப்பா படத்தைப் போட்டால் பிள்ளை யாரென்று ஊருக்கே தெரிந்துவிடுமே. விட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, 'அப்பாடா, நம் தெருவில் யாரும் இல்லை' என்று மூச்சு விடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளை என்னிடம் கூட்டிவந்தார். கையில் ஒரு தாள். அந்தத் தளத்திலிருந்து ஐந்து ஆண்களின் படத்தை எடுத்து ஒரே பக்கத்தில் அச்சடித்து, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாராம். இரண்டு வருஷம் அங்கேயே இருந்ததில் தாளின் மேல் ஓரம் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. தினமும் காலையில் பால் எடுக்கும்போது அந்த ஐந்து முகத்தையும் பார்க்க வேண்டும், வெளியில் கண்டால் ஓட வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்கியிருந்தார். அந்தப் பெண்ணைத் தொட்டவர் அந்த ஐவரில் யாரும் இல்லை. வாரம் இரண்டு நாள் அவளை நீச்சல் வகுப்புக்குக் காரில் கூட்டிப்போன குடும்ப நண்பர். அந்தப் பிரிட்ஜுக்கு முன்னால் நின்று, தாளைப் படித்துவிட்டு, 'நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க' என்று பாராட்டியவர். "அவர் படம் அதுல இல்லையே, அதனால அது தப்பு இல்லைன்னு நினைச்சேன்" என்றாள் அந்தப் பிள்ளை. அம்மா அந்தத் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அன்றைக்கு வேறு ஒரு வார்த்தையும் அவரால் பேச முடியவில்லை.

அதனால் வீட்டை விற்க வேண்டாம். அந்த ஆள் வாசலில் வந்து நின்றால், பையனிடம் பேச்சுக் கொடுத்தால், போலீஸுக்குச் சொல்லுங்கள், உடனே வருவார்கள். மற்றபடி லிங்கை நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். அதை வைத்து யாரையும் தொந்தரவு செய்தால் குற்றம் என்று அந்தத் தளத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

பையனிடம் அந்த மனிதரைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசுங்கள்: "அம்மாகிட்ட சொல்லாதேன்னு யார் சொன்னாலும், அது மாமாவா இருந்தாலும் சாரா இருந்தாலும், அன்னைக்கே என்கிட்ட சொல்லணும். நான் திட்டவே மாட்டேன்." ஒரு முறை சொன்னால் போதாது. காரில் போகும்போது, தலை துவட்டும்போது, சாதாரணமாக, திரும்பத் திரும்ப. அவன் எந்தெந்த வகுப்பில், எந்தெந்தப் பயணத்தில் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கிறான் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கதவு திறந்திருக்குமா, இன்னொருவர் இருப்பாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

*

போன இதழைப் படித்துவிட்டு இரவு தூங்கவில்லை. நான் இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. இவன்களில் 80 சதவீதம் பேர் திரும்பவும் அதே தப்பைச் செய்வான்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவன்களுக்கு ஏன் அம்மா நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்கள்?
— இரண்டு மகள்களின் அப்பா

தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை. அந்தக் கோபத்தோடு நானும் பல இரவு வீடு திரும்பியிருக்கிறேன். அவர்களுக்காக நான் பேசவில்லை. உங்கள் மகள்களைப் போன்றவர்களோடுதான் என் வாழ்நாள் போனது. எது அவர்களைக் காக்கிறது என்பது மட்டும்தான் என் கேள்வி.

80 சதவீதம் என்ற அந்த எண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும். 2002-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி அந்த எண்ணை எழுதினார். அடுத்த வருஷம் அலாஸ்கா வழக்கில், இந்தப் பட்டியல் தண்டனை ஆகாது, வெறும் நிர்வாக நடவடிக்கைதான் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அந்த எண் தந்த பயமும் பின்னால் நின்றது. பிறகு சட்டப் பேராசிரியர்கள் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டினார்கள். 1986-ல் ஒரு உளவியல் பத்திரிகையில் வந்த கட்டுரை. எழுதியவர் சிறையில் சிகிச்சைத் திட்டம் நடத்திய ஆலோசகர். சிகிச்சை கிடைக்காவிட்டால் இத்தனை பேர் திரும்பவும் செய்வார்கள் என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தார். அதற்கு ஆதாரம் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த ஒற்றை வரி நீதிமன்றம் ஏறி, சட்டமாகி, இன்றைக்கு உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எண்ணிப் பார்த்த கணக்கு வேறு. 1994-ல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மறுபடி பாலியல் குற்றத்துக்குக் கைதானவர்கள் 5.3 சதவீதம். 2005-ல் வெளிவந்தவர்களை ஒன்பது வருஷம் பார்த்தபோது 7.7 சதவீதம். இதை அப்படியே நம்பிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ குழந்தைகள் வாயே திறப்பதில்லை என்று எனக்குத் தெரியும், ஆகவே உண்மை இதைவிடக் கூடத்தான் இருக்கும். எட்டுக்கும் எண்பதுக்கும் நடுவே உள்ள தூரத்தை அது நிரப்பிவிடாது.

பட்டியலே வேண்டாம் என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். பிரெஸ்காட், ராக்காஃப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 15 மாநிலங்களின் குற்றப் பதிவுகளை வைத்து 2011-ல் எழுதினார்கள். யார் எங்கே இருக்கிறார் என்று போலீஸுக்குத் தெரிந்திருந்தால், தெரிந்தவர்கள், அக்கம்பக்கத்தவர்கள் மீது நடக்கும் குற்றம் குறைகிறது. அதே பட்டியலை ஊருக்குத் திறந்துவிட்டால், புதிதாகத் தப்புச் செய்ய நினைப்பவர்கள் சிலர் பயப்படலாம், ஆனால் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்கள் திரும்பவும் குற்றத்துக்குப் போவது கூடுகிறது. வேலை கிடையாது, வீடு கிடையாது, பேச ஆள் கிடையாது. இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலைக்கு ஒருவனைத் தள்ளிவிட்டு, அவன் பக்கத்தில் நம் குழந்தைகள் பத்திரமாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

மயாமியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் மாதிரியான இடங்களிலிருந்து 2,500 அடிக்குள் இவர்கள் குடியிருக்கக் கூடாது என்று 2005-ல் உள்ளூர் விதி போட்டார்கள். நகரத்தில் அப்படி இடமே மிஞ்சவில்லை. கடலுக்கு மேல் போகும் ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டார்கள். பல பத்துப் பேர், 2010 வரைக்கும். சிலருடைய ஓட்டுநர் உரிமத்தில் பாலமே முகவரி. ராத்திரி எங்கே தூங்குகிறான் என்று தெரிந்தது. பகல் முழுக்க எங்கே அலைந்தான் என்பதுதான் உங்கள் மகள்களுக்கு முக்கியம், அது யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, இது என்னை வருஷக்கணக்காகத் துரத்தியது. கலிஃபோர்னியாவில் 1991-ல் 11 வயதுப் பெண்ணைக் கடத்திக்கொண்டுபோன ஒருவன், 18 வருஷம் தன் வீட்டுக் கொல்லையிலேயே அவளை அடைத்து வைத்திருந்தான். 2009-ல்தான் மீட்டார்கள். அவன் பதிவு செய்யப்பட்ட குற்றவாளி. கண்காணிக்கும் அதிகாரிகள் அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கொல்லையின் கடைசி வரைக்கும் நடந்து பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. இன்று நாடு முழுக்க இப்படிப் பதிவானவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். உண்மையிலேயே ஆபத்தான சில ஆயிரம் பேரைத் தினம் போய்ப் பார்க்க வேண்டிய அதிகாரி, மற்ற லட்சம் பேரின் முகவரி மாற்றத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறார்.

2006-ல் மெய்ன் மாநிலத்தில் ஒரு இளைஞன் அந்தத் தளத்தில் முகவரி எடுத்து, இரண்டு பேரை வீடு தேடிப்போய்ச் சுட்டுக் கொன்றான். அதில் ஒருவருக்கு 24 வயது. அவர் செய்த குற்றம், 19 வயதில், பதினாறு நிறைய இரண்டு வாரம் இருந்த காதலியோடு உறவு கொண்டது. குழந்தையைக் கொன்றவனுக்கும் இவருக்கும் ஒரே தளம், ஒரே மாதிரிப் படம்.

பாட்டி வெட்டர்லிங் (Patty Wetterling) என்ற தாய் என்ன சொல்கிறார் என்று ஒருமுறை தேடிப் படியுங்கள். 1989 அக்டோபரில் மினசோட்டாவில் அவருடைய 11 வயது மகன் ஜேக்கபை முகமூடிக்காரன் ஒருவன் கடத்தினான். மாநிலங்கள் பட்டியல் வைத்தே ஆக வேண்டும் என்ற 1994-ம் வருஷத்துச் சட்டம் அந்தப் பையன் பெயரில்தான் இருக்கிறது, அதற்காக அலைந்தவர் இந்தத் தாய். 27 வருஷம் கழித்து, 2016-ல், மகனின் எலும்புகள் கிடைத்தன. செய்தவன், அந்தக் காலத்திலேயே போலீஸ் விசாரித்து விட்டுவிட்ட உள்ளூர் ஆள். பட்டியல் அளவு மீறிப் போய்விட்டது, சிறு பிள்ளைகளையெல்லாம் அதில் சேர்ப்பது தவறு என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களில் அந்தத் தாயும் ஒருவர். உங்களையும் என்னையும்விட அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு.

*

என் மகனுக்கு 14 வயது நடக்கும்போது, உறவுக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான். அவளுக்கு ஏழு வயது. வழக்காகி, பதிவேட்டில் அவன் பெயர் ஏறிவிட்டது. இப்போது 20. எந்தக் காலேஜிலும் விடுதி தர மறுக்கிறார்கள். இனி என் பிள்ளைக்கு வாழ்க்கை உண்டா?
— ஒரு தாய், அமெரிக்கா

நான்கு பக்கம் கையால் எழுதியிருக்கிறீர்கள். இங்கே நான் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைப் பேனாவால் அழுத்தி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தச் சிறுமி இப்போது எப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏன் அடித்தீர்கள்? முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள் சகோதரி. அவளுக்கு ஆலோசனை கிடைக்கிறதா, செலவை யார் பார்க்கிறார்கள் என்று மூன்றாவது ஆள் மூலம், வழக்கறிஞர் மூலமாகவாவது, கேளுங்கள். மகன் நேரில் போகக் கூடாது.

உங்கள் கேள்விக்கு என் பதில், உண்டு. வயது வராதவர்களாக இருக்கும்போது இப்படிச் செய்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. 2000-க்குப் பிறகு வந்தவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மறுபடி பாலியல் குற்றம் செய்தவர்கள் 3 சதவீதத்துக்கும் கீழ். முறையான சிகிச்சையும், கண்டிப்பும் அன்பும் சேர்ந்த வீடும் இருந்தால் பெரும்பாலோர் அந்த வயதோடு அதைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனாலும் கடுமையான குற்றமாக இருந்தால் 14 வயதுப் பிள்ளையையும் பதிவேட்டில் சேர்க்கச் சொல்கிறது 2006-ம் வருஷத்து மத்தியச் சட்டம். இதைப் பெரிய அநியாயம் என்று எந்த மேடையிலும் சொல்வேன். பதினான்கு வயதில் எடுத்த படம் நாற்பது வயது வரை அவனோடு போக வேண்டுமா?

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வயது வராதபோது செய்த குற்றத்துக்கு வாழ்நாள் முழுக்கப் பதிவு என்பது செல்லாது என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. கலிஃபோர்னியா, எல்லோருக்கும் ஆயுள் முழுக்க என்றிருந்ததை 2021-லிருந்து பத்து வருஷம், இருபது வருஷம், ஆயுள் என்று பிரித்தது. உங்கள் மாநிலத்தில் பெயரை நீக்கக் கோரி எப்போது மனுப் போடலாம் என்று, சிறார் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரிடம் இந்த மாதமே கேளுங்கள். அதுவரை முகவரி மாற்றத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். பழைய குற்றத்துக்காக இல்லாமல், இந்த ஒரு தேதியைத் தவறவிட்டதற்காகச் சிறைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

*

இந்தியாவில் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? வேறு நாடுகளில்?
— கல்லூரி மாணவர்

இருக்கிறது. 2018 செப்டம்பரில் தொடங்கினார்கள், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. தொடங்கும்போதே நாலு லட்சத்துக்கும் மேல் பதிவுகள். போலீஸ் மட்டுமே பார்க்க முடியும். கனடாவிலும் அப்படித்தான். தென் கொரியாவில் அமெரிக்கா மாதிரி இணையத்தில் பொதுமக்களே பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது பிரிட்டன் முறை. 2000-ல் சாரா என்ற எட்டு வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, ஒரு பத்திரிகை குற்றவாளிகளின் படங்களை வரிசையாக வெளியிட்டது. கும்பல் வீடு வீடாகப் போய்க் கல்லெறிந்தது. வேல்ஸில் ஒரு குழந்தை மருத்துவரின் வீட்டுச் சுவரில் அசிங்கமாக எழுதிவைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்த மருத்துவருக்கான சொல்லும் அந்தக் குற்றவாளிக்கான சொல்லும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன, அவ்வளவுதான் காரணம். பிறகு நிதானமாக ஒரு வழி கண்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-லிருந்து, என் குழந்தையோடு பழகும் இந்த நபரைப் பற்றித் தெரிய வேண்டும் என்று பெற்றோர் போலீஸில் கேட்கலாம். விசாரித்து, ஆபத்து இருந்தால் அந்தப் பெற்றோரிடம் மட்டும் சொல்வார்கள். நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறவரைப் பற்றி யோசிக்க வைக்கிற முறை அது. இரண்டு தெரு தள்ளி இருப்பவரைப் பற்றி இல்லை.

*

எனக்கு 16 வயசு. நாங்க டெக்சஸ்ல இருக்கோம். மாமா எங்க வீட்டிலதான் இருக்கார். ரெண்டு வருஷமா. சொன்னா அவர் போட்டோ வெப்சைட்டில வரும், அத்தை, குட்டித் தம்பி எல்லாரும் நாசமாப் போயிடுவாங்கன்னு சொல்றார். அது உண்மையா?
— பெயர் இல்லை

கண்ணு, உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். மற்ற நாலும் இதற்கு அப்புறம்தான்.

நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கோர்ட்டில் நிரூபணமானால் அவர் பெயர் வரலாம். அதைச் செய்தது அவர். நீ இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டதும் நீ இல்லை. இதே வார்த்தையைச் சொல்லிப் பிள்ளைகளின் வாயை அடைத்தவர்களை 19 வருஷமும் பார்த்தேன். பட்டியல் மேல் எனக்கு இருக்கிற முதல் கோபமே அதுதான். உன்னைக் காக்க வேண்டியதை அவர் எடுத்து உன்னையே மிரட்டுகிறார். குட்டித் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவனும் அதே வீட்டில்தான் இருக்கிறான் கண்ணு.

நாளைக்கு ஸ்கூலில் கவுன்சலரிடம் போ. நேரில் சொல்ல வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு, அல்லது எனக்கு எழுதியதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடு. தெரிந்தபின் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டம், அதை முன்கூட்டியே உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூல் வேண்டாம் என்றால் 1-800-422-4453 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடு. ராத்திரியும் எடுப்பார்கள். பெயர் சொல்லாமலே பேசலாம். எடுத்ததும் அழுகை வந்தால் பரவாயில்லை, அவர்கள் காத்திருப்பார்கள்.

சொன்ன பிறகு எனக்கு ஒரு வரி எழுது.